மருத்துவப் படைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், வேலூரை அடுத்த கணியம்பாடிச் சுற்றுவட்டாரத்திலிருந்து சில பெற்றோர் மதிப்பெண் பட்டியலை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கமாகிவிட்டது. நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் மகன் தரைப்படையின் மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்டாகப் பணிபுரிகிறான். என் தங்கையின் மகள் ராணுவச் செவிலியர் பணியில் கேப்டனாக இருக்கிறாள். இவ்விரண்டையும் அறிந்துதான் அவர்கள் வருகிறார்கள். பிள்ளையை அந்த வேலைக்கு அனுப்பலாமா என்று கேட்பார்கள். கேட்ட கையோடு, தங்களைத் தேற்றிக்கொள்வதற்கான பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். "ஆஸ்பத்திரி வேலதானே டீச்சர், சண்டைக்கெல்லாம் போவ வேண்டியதில்லையே?" அவர்களிடம் நான் நேரில் சொல்வதையெல்லாம் ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

வேலூர் மாவட்டத்துப் பெற்றோருக்குப் பட்டாளம் புதிதன்று. எங்களுக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே பலரும் அழைக்கிறார்கள். அவ்வூரில் படையில் இருப்பவரோ, இருந்து ஓய்வு பெற்றவரோ இல்லாத வீட்டைத் தேடித்தான் காண வேண்டும். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் பதிக்கப்பட்டுள்ள கல்வெட்டு, 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றதையும், அவர்களுள் 14 பேர் உயிர்நீத்ததையும் குறிக்கிறது. ஆகவே பிள்ளையை வழியனுப்புவது எப்படி, ரயிலடியில் அழாமல் நிற்பது எப்படி, கடிதம் வராத மாதங்களைக் கடப்பது எப்படி என்பதெல்லாம் எங்கள் வட்டாரத்துத் தாய்மாருக்குப் பாட்டிகள் வழியாகவே வந்து சேர்ந்த படிப்பு. ஆனால் அந்தப் படிப்பு துப்பாக்கி ஏந்திய சிப்பாயின் தாய்க்கு உரியது. அடிபட்டவனைத் தூக்கிச் செல்லும் பிள்ளையின் தாய்க்கு அது பாதிதான் உதவுகிறது. எஞ்சிய பாதியை நாமேதான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில், இது வெறும் ஆஸ்பத்திரி வேலை என்னும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். ஒரு காலாட்படை பட்டாலியனில் ஏறத்தாழ 800 வீரர்கள் இருப்பார்கள். அவர்கள் அனைவருக்கும் சேர்த்து ரெஜிமென்டல் மெடிக்கல் ஆபீசர் என்று ஒரே ஒரு மருத்துவர் இருப்பார். பட்டாலியனின் உட்பிரிவுகளான கம்பெனிகள் மலைமுகடுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் பிரிந்து கிடக்கும்போது அந்த ஒரு மருத்துவரால் எல்லாக் காவல்நிலைகளிலும் இருக்க முடியாது. அவருக்குப் பதிலாக அங்கே இருப்பவர் நர்சிங் அசிஸ்டென்ட். காயம்பட்டவருக்கு முதல் சிகிச்சை விழுந்த இடத்திலேயே நடக்கிறது. அங்கிருந்து ரெஜிமென்டல் எய்ட் போஸ்ட் என்னும் பட்டாலியனின் முதலுதவி நிலையத்துக்கும், அடுத்துக் கள மருத்துவமனைக்கும், அதன்பின் ஹெலிகாப்டரிலோ ஆம்புலன்சிலோ பெரிய ராணுவ மருத்துவமனைக்கும் அவரைக் கொண்டு செல்கிறார்கள். அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்தைப் பொன்னான நேரம் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். ஆனால் தொடையில் உள்ள பெரிய இரத்தக்குழாய் அறுந்துவிட்டால் அந்த ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது. சில நிமிடங்களுக்குள் டூர்னிகெட் என்னும் இறுக்குப்பட்டியைக் கட்டி, கட்டிய நேரத்தையும் எழுதி வைத்தாக வேண்டும். அந்தச் சில நிமிடங்கள், இருபத்திரண்டு வயதுள்ள நம் பிள்ளையின் கைகளில் இருக்கின்றன. அவன் எந்த வேலைக்குப் போகிறான் என்று உறவினர் கேட்டால் இதைத்தான் பெற்றோர் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

2020 ஜூன் 15 அன்று லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடன் நடந்த மோதலைப் பெரும்பாலோர் அறிவார்கள். இராமநாதபுரத்து ஹவில்தார் பழனி அன்று வீரமரணம் அடைந்தார் என்பதால் தமிழ்நாட்டில் அந்நிகழ்வு ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதே இரவில் 16 பிஹார் பட்டாலியனுடன் இருந்த நர்சிங் அசிஸ்டென்ட் நாயக் தீபக் சிங், கல்லடி பட்டுத் தாமே காயமுற்ற நிலையிலும் 30க்கும் மேற்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்து, இறுதியில் உயிர்நீத்தார். இருவருக்கும் மறைவுக்குப் பின் வீர் சக்ரா வழங்கப்பட்டது. தீபக் சிங்கின் மனைவி ரேகா சிங் பின்னர் சென்னை அதிகாரிகள் பயிற்சி நிலையத்தில் பயின்று 2023இல் ராணுவ அதிகாரியானார். மகனை அனுப்பலாமா என்று கேட்டு வருபவர்களிடம் நான் தீபக் சிங்கைப் பற்றிக் கட்டாயம் சொல்லிவிடுவேன். பயமுறுத்துவதற்காக அன்று, கையெழுத்துப் போடுவதற்குமுன் பெற்றோரும் பிள்ளையும் ஒரே உண்மையை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக.

பழைய கதை ஒன்றும் உண்டு. அது நம் மண்ணின் பெயரைச் சுமந்தவருடைய கதை. ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் என்னும் மருத்துவர், 1941இல் இந்தியாவில் பாராசூட் படை தொடங்கப்பட்டபோது விமானத்திலிருந்து முதலில் குதித்த இந்தியர்களுள் ஒருவர். கொரியப் போருக்கு இந்தியா படைவீரர்களை அனுப்பாமல் 60ஆம் பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. 1950 நவம்பரில் அங்கே போய் இறங்கிய அந்தப் பிரிவுக்கு லெப்டினன்ட் கர்னலாக இருந்த ரங்கராஜ் தலைமை தாங்கினார். சில வாரங்களிலேயே பியோங்யாங்கிலிருந்து எல்லாப் படைகளும் பின்வாங்க நேர்ந்தது. ஏற்றிச் செல்ல வண்டி இல்லாததால் மருத்துவக் கருவிகளை அழித்துவிட்டு வரும்படி சொல்லப்பட்டது. அவர்கள் அழிக்கவில்லை. பழைய நீராவி எஞ்சின் ஒன்றையும் சில பெட்டிகளையும் கண்டுபிடித்து, வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றிக் கொதிகலனுக்குத் தண்ணீர் நிரப்பி, கருவிகளோடு தெற்கே வந்து சேர்ந்தார்கள். 1951 மார்ச்சில் அமெரிக்கப் பாராசூட் படைப்பிரிவு ஒன்றுடன் ரங்கராஜும் அவருடைய அறுவைச் சிகிச்சைக் குழுவினரும் மூன்சானில் பாராசூட்டில் குதித்தார்கள். அவருக்கு மகா வீர் சக்ரா வழங்கப்பட்டது. அதே 60ஆம் பிரிவின் வழிவந்த மருத்துவமனைதான் 2023 பிப்ரவரியில் துருக்கியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது இஸ்கெண்டெருன் நகருக்குச் சென்றது. எங்கள் பகுதிப் பள்ளிகளில் ரங்கராஜின் பெயர் சொல்லப்படுவதில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தமே. நான் வகுப்பெடுத்த காலத்தில் பாடத்தை விட்டு விலகியேனும் அவரைப் பற்றிச் சொல்லிவிடுவேன்.

மருத்துவப் பிரிவில் துப்பாக்கி உண்டா என்று தந்தையர் கேட்பார்கள். உண்டு. அடிப்படைப் பயிற்சி எல்லாச் சிப்பாய்க்கும் உள்ளதே. ஆனால் அந்த ஆயுதம் எதற்கு என்பதில் வேறுபாடு இருக்கிறது. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளின்படி, மருத்துவப் பணியாளர் தம்மையும் தம் பொறுப்பில் உள்ள நோயாளிகளையும் காத்துக்கொள்வதற்கு ஆயுதம் வைத்திருக்கலாம். அவர்களைத் தாக்கக்கூடாது என்பது எதிரிக்கும் பொருந்தும் விதி. அதே உடன்படிக்கை, காயம்பட்டவர் எந்தப் பக்கத்தவராக இருந்தாலும் வேறுபாடின்றிச் சிகிச்சை தர வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. இந்தியா இதற்கென 1960இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. எதிரியின் காயத்துக்கும் நம் பிள்ளை கட்டுப்போட வேண்டிவரும் என்று சொன்னால் சில பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். அப்படிச் சுளிப்பவர்கள் அதைப் பிள்ளையின் எதிரில் காட்டாதிருப்பது நல்லது. அவன் அங்கே அதைச் செய்துவிட்டு வந்து, இங்கே வீட்டில் அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

சேரும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நர்சிங் அசிஸ்டென்ட் பிரிவுக்கு ஆண்களை மட்டுமே எடுக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து மொத்தத்தில் 50 விழுக்காடும் ஒவ்வொரு பாடத்திலும் 40 விழுக்காடும் பெற்றிருக்க வேண்டும்; வயது பதினேழரைக்கும் 23க்கும் இடையில் இருக்க வேண்டும். சிப்பாய்களை நான்கு ஆண்டுப் பணிக்கு எடுக்கும் அக்னிபாத் திட்டம் 2022இல் வந்த பிறகும் இந்தப் பிரிவுக்கான தேர்வு நிரந்தரப் பணிக்கானதாகவே தொடர்கிறது. நான்கு ஆண்டில் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எழுத்துத் தேர்வு, ஓட்டம், மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றைத் தவிர வேறு எந்த வாயிலும் இதற்கு இல்லை. நிலத்தை அடகு வைத்து இடைத்தரகரிடம் பணம் கொடுத்த குடும்பங்களை நான் அறிவேன். பிள்ளை தன் முயற்சியால் தேர்வாகியிருந்தாலும் அந்தத் தரகர் அதைத் தாம் வாங்கிக் கொடுத்ததாகவே சொல்லிப் பணத்தை எடுத்துக்கொள்கிறார். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பயிற்சி லக்னோவில் உள்ள ராணுவ மருத்துவப் பிரிவு மையத்தில் நடக்கிறது. காட்பாடியில் ரயில் ஏறினால் இடையில் இரண்டு இரவுகள் கழிய வேண்டும். பாலாற்றங்கரை வெயிலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அங்குள்ள மார்கழிக் குளிரே முதல் சோதனை. அதைவிடப் பெரிய சோதனை மொழி. கட்டளைகள் இந்தியில் வருகின்றன. வகுப்பில் உடற்கூறும் மருந்துப் பெயர்களும் ஆங்கிலத்தில் வருகின்றன. பள்ளியில் தமிழ்வழியில் படித்த பையன் இரண்டுக்கும் நடுவில் நின்று திணறுகிறான். முதல் மாதங்களில் அலைபேசி கைக்குக் கிடைப்பதே அரிது. கிடைக்கும் சில நிமிடங்களில் அவன் அழுதுவிட்டால் இங்கே குடும்பமே கலங்கிப்போய், "வந்துடுடா கண்ணு, இங்க பாத்துக்கலாம்" என்று சொல்லிவிடுகிறது. அந்த ஒரு சொல் அவனை எவ்வளவு அலைக்கழிக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். பயிற்சிக்குப் புறப்படவிருக்கும் பிள்ளைகளை மாலையில் உட்காரவைத்து, அணிவகுப்பில் வரும் கட்டளைகளையும் சமையற்கூடத்திலும் கிடங்கிலும் தேவைப்படும் இந்திச் சொற்களையும் அவர் சொல்லித் தருகிறார். அவர் செய்வதுபோன்ற உதவி ஒவ்வோர் ஊரிலும் நடக்க வேண்டும். பெற்றோர் அனுப்பும் முறுக்கும் எள்ளடையும் பிள்ளைக்கு மகிழ்ச்சி தரும்தான். முன்கூட்டியே கற்றுக்கொண்ட ஐம்பது சொற்களோ அவனை நிமிர்ந்து நிற்கவைக்கும்.

பயிற்சியின் நிறைவில் கசம் பரேட் என்னும் உறுதிமொழி அணிவகுப்பு நடக்கும். இயன்றவரை பெற்றோர் அதற்குப் போய்வர வேண்டும். ரெஜிமென்டுகளின் பயிற்சி மையங்கள் பலவற்றில், படைக்குப் பிள்ளையைத் தந்தமைக்காகப் பெற்றோரின் நெஞ்சில் கௌரவ் பதக் என்னும் பதக்கத்தை அணிவிக்கிறார்கள். பேருந்தில் வேலூருக்கு வருவதற்கே துணை தேடும் தாய்மார்கள் உத்தரப் பிரதேசம்வரை போய் அந்தப் பதக்கத்தோடு திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதன்பின் அவர்கள் நடையே வேறாகிவிடுகிறது.

பணியில் சேர்ந்தபின் பிள்ளையின் முகவரி மாறிவிடும். ஊரும் மாவட்டமும் இராது; படைப்பிரிவின் பெயரும், ராணுவ அஞ்சலகத்தைக் குறிக்கும் 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ என்பதும் மட்டுமே இருக்கும். அவன் எந்த மலையில் இருக்கிறான் என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தாலும் அதை வாட்ஸ்அப் நிலைத்தகவலில் போடக்கூடாது. பெருமையில் ஒரு தாய் பகிரும் படத்தின் பின்னணியில் தெரியும் மலைமுகடே பலருடைய உயிருக்கு ஆபத்தாகலாம். இதில் நான் மிகக் கண்டிப்பானவள். என் உறவினர் சிலருக்கு என்மேல் அதனால் மனத்தாங்கலும் உண்டு.

உயரமான இடங்களில் மருத்துவப் பணியாளரின் வேலை என்ன என்பதை நான் புத்தகங்களிலும், ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 9,000 அடிக்கு மேல் போகும் வீரர்களை உடனடியாக மேலே ஏற்றுவதில்லை. 12,000 அடிவரையுள்ள முதல் கட்டத்தில் ஆறு நாள்கள், 15,000 அடிவரை நான்கு நாள்கள், அதற்கும் மேலே மற்றொரு நான்கு நாள்கள் என்று உடலைப் பழக்குகிறார்கள். அப்படியிருந்தும் சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். முதல்நாள் வெறும் இருமலாகத் தோன்றுவது மறுநாள் மூச்சுத்திணறலாகிவிடும். பிராணவாயு கொடுத்து, கூடிய விரைவில் கீழே இறக்குவதே உயிர்காக்கும் வழி. பனிப்புயலில் ஹெலிகாப்டர் வரமுடியாத நாள்களில் கீழே இறக்குவதும் இயலாது. அப்போது அந்த உயிரைத் தாங்கிப் பிடித்திருப்பவர் நர்சிங் அசிஸ்டென்ட் ஒருவர்தான். தன்னோடு ஒரே தட்டில் உண்டவனுடைய மூச்சை இரவெல்லாம் எண்ணிக்கொண்டிருப்பது எப்படிப்பட்ட வேலை என்று இங்கிருந்து நாம் ஊகிக்கத்தான் முடியும்.

இந்த இடத்தில்தான் பெற்றோரின் பங்கு மற்ற சிப்பாய்களின் பெற்றோருடைய பங்கிலிருந்து வேறுபடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மற்ற பிள்ளைகள் ஊருக்கு வரும்போது உடம்பில் காயமில்லை என்று கண்டால் நம் மனம் ஆறிவிடும். மருத்துவப் பணியில் இருக்கும் பிள்ளைக்கு உடம்பில் ஒரு கீறலும் இராது; அவன் காப்பாற்ற முடியாமல் போனவன் அவனோடு வீட்டுக்கு வந்திருப்பான். அவன் அதைச் சொல்லத் தொடங்கும்போது, அன்பினாலேயே நாம் அதைத் தடுத்துவிடுகிறோம். "உன்மேல ஒண்ணும் தப்பில்லப்பா, அவனுக்கு விதி அவ்ளோதான்" என்று சொன்னவுடன் அந்தப் பேச்சு முடிந்துவிடும். தப்பு யார்மேல் என்று அவன் கேட்கவே இல்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு விடுப்பில் வந்திருந்தபோது, விதைக்காக நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த தன் அப்பாவின் அருகில் மகன் வந்து உட்கார்ந்தான். தானும் உரிக்கத் தொடங்கியவன், பனியில் ஒரு பையனை இழந்ததைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னான். என் கணவர் அதிகம் பேசும் வழக்கம் இல்லாதவர். உரிப்பதை நிறுத்தாமல், "அந்தப் பையன் எந்த ஊரு?" என்று மட்டும் கேட்டார். அதன்பின் மகன் நெடுநேரம் பேசினான். அந்தப் பையனின் ஊர், அவன் பாடும் பாட்டு, தங்கையின் திருமணத்துக்கு அவன் சேர்த்து வைத்திருந்த பணம், அன்றிரவு பிராணவாயு உருளைகளை மாற்றிய வரிசை என்று எல்லாம் வெளியே வந்தன. தன்னைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இறந்தவனைப் பற்றிப் பேச ஓரிடம் வேண்டியிருந்தது, அது கிடைத்தது. அந்தக் கேள்வியைத்தான் இப்போது மற்ற பெற்றோருக்கும் நான் சொல்லிக் கொடுக்கிறேன். எப்படி இறந்தான் என்று கேட்காதீர்கள், நீ என்ன செய்தாய் என்று கேட்காதீர்கள். யார் அவன், எந்த ஊர், அவனுக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பிள்ளை பதில் சொல்லவில்லை என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். கேள்வி அவனிடம் இருக்கட்டும்.

விடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் சிப்பாய்க்கு உண்டு என்றாலும், அவை எப்போது கிடைக்கும் என்பது படைப்பிரிவின் தேவையைப் பொறுத்தது. ஆடிக் கிருத்திகைக்கு வருவதாகச் சொன்னவன் ஐப்பசியில் வருவான். வந்த மறுநாளே வாசலில் ஊர் கூடிவிடும். டாக்டர் தம்பி வந்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு, சர்க்கரை நோய்க்கான மாத்திரைச் சீட்டோடு ஒருவர், முழங்கால் வலியோடு ஒருவர், ஊசி மருந்தைக் கையோடு வாங்கிக்கொண்டு ஒருவர் என்று வருவார்கள். கேட்பவர்கள் எல்லோரும் நம்மவர்கள், மறுப்பது கடினம். ஆனால் படைக்குள் மருத்துவ அதிகாரியின் கீழ் அவன் செய்யும் சிகிச்சையை ஊருக்குள் தனியாகச் செய்ய அவனுக்குச் சட்டப்படி உரிமையில்லை. ஓர் ஊசியால் ஏதேனும் விபரீதம் நேர்ந்தால் அவனுடைய பணியே போய்விடும். அதற்கும் மேலாக, பதினொரு மாதம் பிறருடைய வலியைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு வலியே கண்ணில் படாத சில வாரங்கள் வேண்டும். மறுக்கும் பொறுப்பை அவனிடம் விடாமல் நான் ஏற்றுக்கொண்டேன். "தம்பி தூங்குதுங்க, கணியம்பாடி ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டர் இருப்பாங்க" என்று வாசலிலேயே சொல்லி அனுப்புகிறேன். அவசரம் என்றால் மட்டும் நானே அவனை எழுப்புவேன். பாம்புக்கடிக்கும் நெஞ்சுவலிக்கும் எழுப்பாமல் இருக்க முடியாது. அவன் பகலெல்லாம் உறங்கினாலும் சோம்பல் என்று சொல்ல வேண்டாம். பட்டாசுச் சத்தத்துக்கு எழுந்து வெளியே போய்விட்டாலும் ஏன் என்று கேட்க வேண்டாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி அதிகம் எழுத ஆசை. அதைத் தனியாகவே எழுத வேண்டும். இங்கே சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கிவைத்த ஊர் வேலூர். வெள்ளைச் சேலையில் நடந்து செல்லும் சி.எம்.சி. மாணவிகளைப் பார்த்து வளர்ந்த பெண்கள் செவிலியராக விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் ராணுவச் செவிலியர் பணி என்று ஒன்று இருப்பதை இங்குள்ள பல குடும்பங்கள் அறியாமலே இருக்கின்றன. 1888இல் பம்பாயில் வந்திறங்கிய பத்துச் செவிலியரோடு தொடங்கிய பணி அது. ஆயுதப் படைகளின் ஆறு செவிலியர் கல்லூரிகளில் நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் படித்து முடிக்கும் பெண், லெப்டினன்ட் தகுதியில் அதிகாரியாகிறாள். அந்த ஆறில் நமக்கு அண்மையில் உள்ளது பெங்களூரு விமானப்படை மருத்துவமனையில் இருக்கிறது. என் தங்கையின் மகள் படித்ததும் அங்கேதான். நீட் மதிப்பெண்ணை வைத்து முதற்கட்டத் தேர்வு நடக்கிறது. படிப்பு முடிந்தபின் பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். பெற்றோர் அதை வரிவரியாகப் படித்தபின் கையெழுத்திடுவது நல்லது.

என் தங்கையின் மகளுக்கு இருபத்திரண்டு வயது ஆனதும் உறவினர் தங்கையைச் சூழ்ந்துகொண்டார்கள். மிலிட்டரியில் இருக்கும் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைப்பானா, கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிட வேண்டுமாமே என்றெல்லாம் கேட்டார்கள். பின்னதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அப்படி ஒரு விதி இருந்தது. செலினா ஜான் என்னும் லெப்டினன்ட் திருமணம் செய்துகொண்ட காரணத்துக்காக 1988இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். 1995இல் அந்த விதி விலக்கிக்கொள்ளப்பட்டது. அவர் தொடர்ந்து வழக்காடினார். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பெண் என்பதற்காக மட்டும் இழைக்கப்பட்ட அநீதி இது என்று கூறி 60 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. என் தங்கை இந்தச் செய்தித்தாள் துணுக்கைக் கத்தரித்து வைத்திருக்கிறாள். கேட்டு வரும் உறவினருக்கு அதைக் காட்டிவிட்டு, "எம்பொண்ணு கேப்டன், அவள வேலய வுடச் சொல்ற மாப்பிள்ள எங்களுக்கு வேணாம்" என்று சொல்லி அனுப்புகிறாள். மகளுக்குப் பக்கத்தில் நிற்பது என்றால் இப்படி நிற்க வேண்டும்.

காகிதங்களைப் பற்றி ஒரு சொல். பிள்ளையின் படை எண், ஆவணப் பிரிவின் முகவரி, வங்கிக் கணக்கு, காப்பீட்டு நியமனதாரர் விவரம் ஆகியவற்றைப் பெற்றோர் ஒரு கோப்பில் வைத்திருக்க வேண்டும். திருமணத்துக்குப் பின் நியமனத்தில் மருமகளின் பெயர் சேர்ந்துவிட்டதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்வதும் பெற்றோரின் கடமையே. இதைப் பேசுவது அமங்கலம் என்று பல வீடுகளில் தள்ளிப்போடுகிறார்கள். விவரம் கேட்க வேண்டியிருந்தால் வேலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். பணியில் இருப்பவர்களின் குடும்பத்தினரும் அங்கே போகலாம்.

கடைசியாக, பிள்ளையின் மனநிலையில் மாற்றம் கண்டால் அதை மறைக்காதீர்கள். மாதக்கணக்கில் உறக்கமின்மை, திடீர்ச் சினம், குடிப்பழக்கம், யாரையும் பார்க்க விரும்பாமை ஆகியவை எந்தப் பெற்றோரின் கண்ணுக்கும் தப்பாது. பேய்க்கோளாறு என்று மந்திரிக்கப் போகிறவர்களும், கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று பெண் பார்க்கப் போகிறவர்களும் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். வேலூரிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் வழியில் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957 முதல் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தினரும் தங்கியிருந்து சிகிச்சையில் பங்கேற்க வேண்டும் என்ற முறையைத் தொடக்கத்திலேயே அங்கே வகுத்தார்கள். மனக்காயத்தை ஆற்றுவதில் குடும்பத்துக்கு வேலை உண்டு என்பதை நம் ஊர் மருத்துவர்கள் எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். பணியில் இருப்பவர்களுக்கு ராணுவ மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். அரசின் டெலி மானஸ் என்னும் இலவசத் தொலைபேசி உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். 2023ஆம் ஆண்டின் இறுதியில் படையினருக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் என்று புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் அதற்குத் தனிப் பிரிவும் தொடங்கப்பட்டிருக்கிறது. நர்சிங் படித்தவனுக்கு இதெல்லாம் தெரியாதா என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். பிறருக்கு மருந்து கொடுப்பவர்கள் தமக்கு வேண்டும் என்று கேட்கத் தயங்குவார்கள். எண்ணை அவர்கள் அலைபேசியில் நாமே பதிந்து கொடுக்கலாம். பிள்ளை எங்கோ பனியில் இருக்க, இங்கே இரவெல்லாம் உறங்காமல் விழித்திருக்கும் தாய் தகப்பனும் அதே எண்ணில் தமக்காகவும் பேசலாம்.